மலர்க்குழு கேட்ட ஒரு பக்கம்

விழா மலருக்கு ஒரு பக்கம் கேட்டிருந்தியள்.
சாதனைகள் என்று தலைப்புப் போட்டு
கீழே பதினைந்து கோடும் கீறி.
நான் அவவின் கிளாக்கர்.
முப்பத்தொரு வருசம் தட்டச்சு அடித்தவன்,
கோட்டுக்குள் அடிக்கத் தெரியும்.
முதலாம் கோட்டில் எதை அடிக்கிறது?

கோண்டாவில் கிணற்று வழக்கு வெற்றிதான்.
கால் பங்கு நீருக்கும் வழிவாய்க்காலுக்கும் பதினான்கு வருசம்.
தீர்ப்பு வந்த அன்று வழக்காளியும் இல்லை, எதிராளியும் இல்லை.
இரண்டு பேரின் பேரப்பிள்ளைகளும்
ஒரே மோட்டரில் இறைத்துக்கொண்டு நின்றார்கள்.
யசிந்தா அருளப்பு, சட்டத்தரணி,
தீர்ப்பின் பிரதியைக் கிணற்றுக்கட்டில் வைத்து
பறக்காமல் ஒரு கல்லும் வைத்து
ஒரு வாளி அள்ளிக் குடித்துவிட்டு வந்தா.
கட்டணப் பாக்கி இன்னும் என் புத்தகத்தில் நிற்கிறது.

தொண்ணூற்றைந்து ஐப்பசி, மழை இரவு,
சனம் முழுக்க நாவற்குழிப் பாலத்தில்.
அவவின் சைக்கிள் கரியரில் இரண்டு உரப்பை:
ஊராற்றை உறுதிகள், இருநூற்றுச் சொச்சம்.
என்ரை கரியரில் தட்டச்சுப் பொறி.
சன நெரிசலில் விழுந்தேன்.
பொறி தப்பியது. ழ மட்டும் முறிந்தது.

கொடிகாமத்துப் பள்ளிக்கூடத்தில்
நனைந்த உறுதிகளைக் கொடி கட்டிக் காயப்போட்டா.
உங்கடை வீட்டு உறுதி, அம்மா?
"அலுமாரியிலை விட்டிட்டன்" என்றா.
அடுத்த உறுதியைப் பிழிந்தா.

அதுக்குப் பிறகு
வ, இடைவெளி, க்கு.
யா, இடைவெளி, ப்பாணம்.
இ, இடைவெளி, ப்பு.
எல்லா ஓட்டையையும் நீலப் பேனையால் நிரப்பினேன்.
ஒருநாள் மறந்துபோனேன்.
நீதவான் கண்ணாடியை இறக்கி
"இதென்ன, பல்லுப் போன மனு?" என்றார்.
"அந்த எழுத்துப் பாலத்தில் விழுந்துவிட்டது, ஐயா.
தேடிக்கொண்டிருக்கிறோம்."
மன்றில் ஒருத்தரும் சிரிக்கவில்லை.
பின் வாங்கில்களில் அன்று இருபத்தாறு தாய்மார்.

ஆட்கொணர்வு மனுக்கள்: நாற்பத்தொன்று.
கொண்டுவரப்பட்ட ஆட்கள்:

இந்தக் கோட்டை நீங்கள் நிரப்பவேண்டாம்.

கோவையை மூடினால்
என்ரை பிள்ளையைப் புதைச்ச மாதிரி என்று
ஒரு தாய் சொன்ன நாளில் இருந்து
ஒன்றையும் மூட அவ விடவில்லை.
மூன்று அலுமாரி.
கறையான் மருந்து மாதாமாதம் நான்தான் அடிக்கிறேன்.

சமூகசேவை என்றும் ஒரு கோடு கீறியிருந்தியள்.
சனிக்கிழமை, குருநகர், வலைச் சங்கத்து அறை.
பதிவுப் புத்தகம் எரிந்துபோன பிள்ளைகளுக்குப்
பிறந்ததற்குச் சத்தியக் கடதாசி.
முத்திரைக் காசு அவவின்.
காசு வேண்டாம் என்றால் மறுநாள் பாரைமீன் வரும்.
மீனையும் ஏசுவா, கொண்டுவந்தவனையும் ஏசுவா.
பிறகு என்னிடம் தள்ளுவா.
என் பிள்ளைகள் வளர்ந்தது அந்த ஏச்சில்.

மலரில் போடமாட்டியள், எண்டாலும் எழுதுகிறேன்:
ஒருத்தியை, சமாதானமாய்ப் போ பிள்ளை என்று
புருசனோடு அனுப்பிவைத்தா.
ஆறாம் மாதம் அவள் பெரியாஸ்பத்திரியில், தீக்காயத்தோடு.
கட்டிலடியில் நின்று வாக்குமூலம் எழுதினது அவதான்.
அன்றைக்குப் பிறகு சமாதானம் என்ற சொல்லை
அவ சொல்லி நான் அடித்ததில்லை.
இணக்கம் என்றுதான் அடிப்பேன்.
அதுவும் இரண்டு தரம் கேட்டு.

இப்போது கம்பியூட்டர்.
ழ தானாக விழுகிறது.
ஆனாலும் கை பேனையைத் தேடும்.

கடைசியாக ஒன்று.
விழா பதினெட்டாம் திகதி, புதன் என்று கண்டேன்.
அன்று மல்லாகத்தில் எங்களுக்குத் தவணை.
பெரிதாய் ஒன்றுமில்லை, வேலிப் பொட்டுக்குள்ளால்
ஆடு புகுந்த விசயம்.
நாள் மாற்றிக் கேட்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன்.
அவ என்னைப் பார்த்த பார்வையை
எந்தப் பொறியிலும் அடிக்க ஏலாது.

பொன்னாடையை மடித்து வையுங்கோ.
வியாழன் எண்டால் வருவா.