லேபிளை மறுபடி பார்

கனவில் எழுத்து நிற்காது என்று
போனில் ஒருவன் சொன்னான்.
ஒரு தடவை படி. முகத்தைத் திருப்பு. மறுபடி படி.
மாறியிருந்தால் நீ தூங்குகிறாய்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
பதினோரு வருசமாக அதற்குத்தான் சம்பளம்.
திருப்பூர், மங்கலம் ரோடு, மூன்றாம் மாடி, செக்கிங் டேபிள்.
கழுத்துப் பட்டியைத் திருப்பு, எக்ஸ்எல்.
ஓரம் பார், தையல் விட்டிருக்கா, எண்ணெய்க் கறை,
மறுபடி கழுத்து, எக்ஸ்எல்.
ஒரு சிப்டுக்கு எண்ணூறு முறை
விழித்திருப்பதை நிரூபிக்கிறேன்
ஒருத்தரும் கேட்காமலே.

அன்றிலிருந்து இன்னொன்றும் சேர்த்துக்கொண்டேன்:
நூறு பீசுக்கு ஒருக்கா மூக்கைப் பொத்தி
மூச்சிழுத்துப் பார்ப்பது.
காற்று வந்தால் கனவு.
வராது. விட்டதும் பஞ்சுத் தூசி தும்மலாக வரும்.
"சளியா துளசிமணி?" என்பார் சூப்பர்வைசர் ஈஸ்வரமூர்த்தி.
"ஆமாங்" என்பேன்.

பீஸ்ரேட் நோட்டின் பின்பக்கம் கனவுக்கு.
கண் திறந்ததும் அசையக்கூடாது, புரண்டால் கொட்டிவிடும்.
அப்படியே கிடந்து
வாலிலிருந்து தலைக்குப் பிடித்து வரணும்.
முதல் வாரம் எழுதியது:
"ஏதோ நீலம்."
"பஸ். சில்லறை இல்லை."
"ஏதோ நீலம், ஈரம்."
மூன்றாம் வாரம் புரட்டிப் பார்த்தால்
எல்லாக் கனவும் கம்பெனியில்தான் நடக்கிறது.
கணக்கில் ஏறாத ஓவர்டைம்.

மூன்றரைக்கு ஊத்துக்குளிப் பக்கமிருந்து ஒரு கூட்ஸ் வரும்.
லைன் வீட்டுச் சிமெண்ட் சீட்டு அதிரும். அதுதான் அலாரம்.
எழுந்து, ஒரு டம்ளர் தண்ணி குடித்து,
சித்த நேரம் உட்கார்ந்துவிட்டு
"அடுத்து வருவது கனவு, கண்டுபிடிப்பேன்" என்று
வாய்க்குள் சொல்லிக்கொண்டே படுக்கணும்.
பக்கத்துப் பாய் சுபத்ரா, ஒடிசாக்காரி,
நான் சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்து
அவளும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தூங்குவாள்.

ஆடி பிறந்து, கணவாய்க் காத்து
கதவைப் பிறாண்டிய ஒரு விடிகாலை
கழுத்துப் பட்டியைத் திருப்பினேன்: எக்ஸ்எல்.
ஓரம் பார்த்தேன். மறுபடி கழுத்து:
"மழை."
இன்னொரு தடவை: "சித்த இரு."
மூக்கைப் பொத்தினேன். பொத்திய மூக்கு வழியே
குளுகுளுவென்று உள்ளே போனது மூச்சு.

கத்திவிட்டேன்.
விழித்துவிட்டேன்.
சந்தோசப்பட்டால் கலையும் என்று
அவன் சொல்லித்தான் இருந்தான்.

ஒன்பது நாள் கழித்து இரண்டாவது.
ட்யூப்லைட் வெளுத்து ஓரமெல்லாம் கரையத் தொடங்கும்போது
உள்ளங்கை இரண்டையும் தேய்க்கணும், சூடேறும்வரை.
கிட்டத்தில் இருப்பதைத் தொட்டுப் பேர் சொல்லணும்.
காட்டன். ரிப். ஓவர்லாக்.
மறுபடி கெட்டியாக நின்றது தளம்.

பறக்கலாம். ஜன்னல் திறந்துதான் கிடந்தது, கீழே நொய்யல்.
கடல் பார்க்கப் போகலாம்.
ஈஸ்வரமூர்த்தியை ஆட்டுக்குட்டி ஆக்கலாம்;
ஆக்கியும் பார்த்தேன்,
நூல்கோன் பெட்டியை மோந்துவிட்டு அக்கட்டால போய்விட்டது.
அப்புறம்
ஒரு நாற்காலி என்று நினைத்தேன்.
வந்தது. சிவப்பு பிளாஸ்டிக், ஒரு கால் கொஞ்சம் விரிந்தது.
எட்டு மணி நேரமும் நின்றே பார்க்கும் டேபிளுக்கு முன்னால்
உட்கார்ந்தேன்.
முழங்கால் என்று ஒன்று இருப்பதே மறந்துபோச்சு.
கலையக் கலையக் கையைத் தேய்த்து,
தேய்த்துத் தேய்த்து,
கூட்ஸ் இரண்டு போயிருக்கும்.

நோட்டில் எழுதினேன்: "உட்கார்ந்தேன்.
பீஸ்: பூஜ்யம்."

இன்றைக்குப் பதினொன்றரை.
கழுத்துப் பட்டி, எக்ஸ்எல். மறுபடி, எக்ஸ்எல்.
விரல் ஐந்து. பொத்தினால் மூச்சு முட்டுகிறது.
சந்தேகமே இல்லை, நிசந்தான்.
பேக்கிங் பக்கம் கிடந்த நாற்காலியை
இழுத்து வந்து போட்டேன். நாலு காலும் நேராக இருந்தது.
மெசின் சத்தம் நின்றதா, எனக்குத்தான் அப்படிக் கேட்டதா.
ஈஸ்வரமூர்த்தி வருகிறார்.
உள்ளங்கை இரண்டையும் தேய்க்கிறேன்.