வலப்பக்கம் மட்டும் தேய்ந்த வட்டம்

ஏலத்தில் எடுத்த வண்டி.
பைனான்ஸ்காரர்களின் முள்வேலிக்குள்
எட்டு மாதம் வெயில் குடித்துக் கிடந்தது.
கூட வந்தவர்கள் எஞ்சினில் காது வைத்தார்கள்,
டயரைத் தட்டினார்கள்.
நான் ஸ்டீயரிங்கைப் பார்த்தேன்.

மணி இரண்டு என்றால் முள் நிற்குமே,
அந்த இடத்தில் மட்டும் உரிந்து சாம்பல் தெரிந்தது.
மற்றதெல்லாம் புதுக் கறுப்பு.
கொஞ்சம் கீழே, மோதிரம் உரசி உரசி
பிறை போல ஒரு வடு.
ஒற்றைக் கையால் ஓட்டியிருக்கிறான்,
பந்தாக்காரன்
என்று முடிவு கட்டினேன்.

எனக்கு வேர்க்கும் கை.
பத்தாம் வகுப்புப் பரீட்சையில்
விடைத்தாளை நனைத்து மையைக் கரைத்த கை.

செக்காலை ரோட்டு சீட் கவர் கடையில்
அபுதாகிர் அண்ணன் எடுத்துப் போட்டார்:
வழுவழு ரெக்சின், புள்ளி வைத்த ரப்பர்,
மரம் போல அச்சடித்த பிளாஸ்டிக்.
"பர்மாத் தேக்கு டிசைன்மா,
இந்தப் பக்கம் இதான் ஓடும்."
தட்டிப் பார்த்தேன்.
பால்டப்பா மூடிச் சத்தம்.

வெல்வெட் கேட்டேன், சும்மாதான்.
"அது உங்க வேர்வையைக் குடிச்சு வச்சிருந்து
ஐப்பசியில நாத்தமாத் திருப்பிக் குடுக்கும்."
அசல் தோல்?
விலையைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

கண்ணை மூடி ஒவ்வொன்றாய்ப் பிடித்துப் பார்த்தேன்.
கடைப்பையன் எனக்குச் சாமி வருவதாக நினைத்திருப்பான்.
கடைசியில் சொரசொரப்பாய் ஒன்று,
ஊசித் துளை போட்ட செயற்கைத் தோல்,
வளையத்தோடு சேர்த்து நூலால் தைப்பது.
"மாட்டிக் கழட்டுற கவர் வேணாம்.
குன்றக்குடி வளைவுல
கை திரும்பும், வண்டி திரும்பாது."

தைக்கும் முன் கேட்டார்,
பழைய பள்ளத்தை நிரப்பிடவா?
வேண்டாம், கட்டைவிரல் உட்காரட்டும் என்றேன்.

பிறகு கற்றதெல்லாம் கைக்காசு போட்டுக் கற்றது.
டேஷ்போர்டில் பாலிஷ் ஏற்றினால்
உச்சிவெயிலில் கண்ணாடிக்குள்
இன்னொரு சூரியன் முளைக்கும்.
ஸ்டீயரிங்கில் தேங்காயெண்ணெய், ஒரே ஒருமுறை.
அன்று கோட்டையூர் வரைக்கும்
விலாங்கு மீனைப் பிடித்துக்கொண்டு போனேன்.
பிழிந்த ஈரத்துணி, ஒரு சொட்டு சோப்பு, அவ்வளவுதான்.
நிறுத்தினால் துண்டு போர்த்த வேண்டும்,
சித்திரையில் அது தோசைக்கல்.
கானாடுகாத்தானில் வீடு பார்க்க வருகிறவர்கள்
சுவரைத் தடவி
முட்டை வெள்ளையா என்று வியந்துவிட்டு
சீப்புச் சீடை தின்ற கையோடு
என் சீட்டையும் தடவுவார்கள்.

பின் இடது கதவுதான் அடங்கவில்லை.
உள்ளே தள்ளி, மேலே தூக்கி, அப்புறம் இழுக்க வேண்டும்.
ஏறுகிற எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி
அதுவே என் வணக்கம் ஆகிவிட்டது.

போன புரட்டாசி.
விடியுமுன் சென்னை ரயிலில் இறங்கிய ஒருவர்
தேவகோட்டை என்றார்.
நான் வாயைத் திறக்குமுன்
தள்ளி, தூக்கி, இழுத்து
ஏறி உட்கார்ந்துவிட்டார்.

கண்ணாடியில் பார்த்தேன்.
வலக்கை முன்சீட்டின் முதுகில் கிடந்தது.
மோதிரம் இல்லை.
இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

நான் எதுவும் கேட்கவில்லை.
அவரும்.
பாதி வழியில் மட்டும்
"ஏசியை ஒண்ணு குறைங்க, அந்தக் கடகட நின்னுடும்."
குறைத்தேன்.
நின்றது.

பள்ளத்திலிருந்து கட்டைவிரலை
எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை.

இறங்கி, கதவை அறையாமல் சாத்தி,
ஜன்னலோரம் குனிந்தார்.
"ஸ்டீயரிங்குக்கு என்ன போட்டிருக்கீங்க?"
"துளை வச்சது. தைச்சது."
"வேர்க்குதா?"
"பரவாயில்லை."
"எனக்கு ஒரு கையைத் துடைக்கவே நேரம் சரியா இருக்கும்.
வேட்டிதான் துண்டு.
மத்தக் கைதான் வண்டி ஓட்டும்."

ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினார்.
மீதிக்குச் சில்லறை தேடி நிமிர்வதற்குள்
தெரு திரும்பிவிட்டார்.

தாள் ஈரமாக இருந்தது.
அவர் கையா
என் கையா.