எடைமேடை

காலி லாரி பதினான்கு டன் இருநூறு.
கல்லோடு முப்பத்தொன்று அறுநூறு.
கழித்தால் வருவது மலை.
நான் அதைச் சீட்டில் அடித்து
இரண்டு பிரதி கிழித்துத் தருகிறேன்.

சேந்தாந்த்ரேவுக்கு மேலே கரும்புக்கு நடுவே
இரண்டாள் உயரத்துக்குக் கிடந்த குவியல்கள்
இப்போது கடலுக்குள் போகிறது சாலையாக.
கடல் தின்கிறது, இன்னும் கேட்கிறது.
பாலம் பாதியில் நிற்கிறது:
ரெயூனியன் மொத்தமும் எரிமலை கக்கியதுதான்,
ஆனாலும் கல் போதவில்லையாம்.

லூசியன் அர்முகோம் தன் வயல் கல்லை முழுதும் விற்றான்.
அவனைக் குறை சொல்ல மாட்டேன்.
அறுவடைக்கு அறுவடை அவன் டிராக்டர் தகடு உடைந்ததையும்
வங்கிக்காரன் வாசலில் நின்றதையும் பார்த்திருக்கிறேன்.
"பல்லப் புடுங்கின மாதிரி இருக்கு, ஆனா வலி இல்ல"
என்று சிரித்தான்.

வலி ஜனவரியில் வந்தது.
மூன்று நாள் புயல்மழை.
தண்ணீர் தடுக்கி விழ வயலில் ஒரு கல் இல்லை.
மேல்மண் அவனிடம் சொல்லாமல் கிளம்பி
என் அறை ஜன்னலுக்குக் கீழே ஓடி
கடலைத் தேநீர் நிறமாக்கியது.
அந்தச் சரக்குக்கு நான் சீட்டு அடிக்கவில்லை.
அது மேடைவழி போகவில்லை.

நேற்று ஒரு பாறைமேல் பச்சோந்தி வந்தது.
இங்கே அதற்குப் பெயர் தூங்குமூஞ்சி.
பாறையின் சாம்பலுக்கு மாறத் தொடங்கி
பாதியில் மறந்து பச்சையாகவே இருந்தது.
ஒரு கண் என்மேல், மற்றது கடல்மேல்.
டிரைவர் ஹார்ன் அடிக்க அடிக்க
ஏணி போட்டு ஏறி எடுத்தேன்.
இறங்கிவந்து எண்ணைப் பார்த்தால்
முப்பத்தொன்று அறுநூறு. அதே.

இருபது கிலோவுக்குக் கீழே
இந்த மேடைக்குக் கண் தெரியாது.
கையேட்டிலேயே எழுதியிருக்கிறது.
பச்சோந்தி,
வேரோடு வந்த கைப்பிடிப் புல்,
கல்லடியில் ஏதோ ஒன்று இட்டிருந்த முட்டைகள்
எல்லாம் பூஜ்யம்.
பூஜ்யங்களை மட்டும் ஏற்றினால் எத்தனை லாரி ஆகும்?
மதியச் சோற்றோடு கணக்குப் போட்டேன்,
சோறு ஆறிப்போனது.

சாயங்காலம் வாயிலைப் பூட்டுமுன்
நானே ஏறி நின்றேன்.
ஐம்பத்திரண்டு கிலோ நான்.
அறுபது காட்டியது.
எட்டுக் கிலோ என்மேல் ஏற்றி எழுதிவிட்டது மேடை.
மறுக்கவில்லை.

சரக்கு: மண்.
எங்கிருந்து: அர்முகோம் வயல்.
விலைக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.
ஒரு பிரதி கோப்புக்கு.
இன்னொன்றை நீட்டினேன்,
வாங்கிக்கொள்ள எதிரே லாரி இல்லை.