சாய்கோடு

பழுது எண் இருநூற்றுப் பதினான்கு.
அனுப்பியவர்: செந்தூல், லோரி ஓட்டுநர், வயது ஐம்பத்து மூன்று.
வகை: அவசரமில்லை.

யார் குறித்தார்களோ.
பங்சார் சவுத்தில் பதினேழாவது மாடி,
குளிரூட்டிக்கு அஞ்சிச் சால்வை போர்த்தியபடி
திறந்து பார்க்கிறேன்.

மகனின் கல்வி உதவிக்கு
ஆறு முறை முயன்றிருக்கிறார்.
இரவு 11.40. 11.43. 11.52. 12.10.
பிறகு இரண்டு, அதிகாலை நாலே காலை ஒட்டி.
கிள்ளான் துறைமுகத்தில்
சரக்கு ஏறக் காத்திருந்த நேரமாக இருக்கலாம்.

வீரபத்திரன் ஏ/எல் முத்துக்காளை.
நான்கு முறையும் அதே சிவப்பு வரி:
பெயரில் எழுத்துகள் மட்டுமே அனுமதிக்கப்படும்.

ஏ-க்கும் எல்-லுக்கும் நடுவே
சுவரில் சாய்ந்த ஏணிபோல் ஒரு கோடு.
எழுத்தில்லைதான்.
பள்ளியில் பெயர் கூப்பிடும்போது
ஆசிரியை அந்த இடத்தில் மூச்சு விடுவார்.

ஐந்தாவது முறை கோட்டை எடுத்துவிட்டார்.
'அடையாள அட்டையோடு ஒத்துப்போகவில்லை.'
ஆறாவது முறை
அனாக் லெலாக்கி என்று விரித்தே எழுதினார்.
'முப்பது எழுத்துக்கு மேல் இடமில்லை.'

முன்பென்றால் முகப்பிடத்தில் கமாரியா
பேனாவால் ஒரு கீறு கீறியிருப்பார், தீர்ந்தது.
அதற்கு அரை நாள் சம்பளம் போயிருக்கும்,
வண்டி நிறுத்தக் காசு தனி.
அதை மிச்சப்படுத்தத்தானே
நாங்கள் இதைக் கட்டினோம்.

"ஒரே வரி" என்கிறான் ஹக்கிமி எட்டிப் பார்த்து.
"ஒரு குறியைச் சேர்த்தால் முடிந்தது."
உண்மை. நாலு நிமிடம்கூட ஆகவில்லை.

ஆனால் நாலு மாதம் சோதித்தவள் நான்.
நாற்பது பெயர் நானே புனைந்தேன்:
அலி பின் அபு, தான் மெய் லிங்,
நீளப் பெயர், ஒற்றை எழுத்துப் பெயர்,
வேண்டுமென்றே எண் கலந்த பெயர்.
தமிழ்ப் பெயரும் இருந்தது, கோடில்லாமல்.

என் பெயர் இளவேனி ஏ/பி சங்கிலிமுத்து.

விமானச் சீட்டில், வங்கியில், நூலக அட்டையில்
அந்தக் கோட்டை விட்டுவிட்டே தட்டிப் பழகிய விரல்
இங்கும் விட்டுவிட்டது.
எந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று
இப்போது கேட்டால்
என்னைத்தான் கைகாட்டும்.

முதல்முறையாக முழுப்பெயரைத் தட்டினேன்.
பச்சை வந்தது.
உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, நன்றி என்று
அவருக்கு ஒரு கடிதம் தானாகவே போனது.
தானாகப் போகும் கடிதங்களை
யார் படிக்கிறார்கள்.

முப்பத்தொன்றாம் தேதி கடைசி நாள்.
அவர் கைபேசி எண் என் திரையில் இருக்கிறது.
அழைக்க எனக்கு அனுமதியில்லை.

வீட்டில், இருட்டில், மடிக்கணினி.
நாலே கால்.
பதிவேட்டைப் புதுப்பிக்கிறேன்.
ஆறு வரிகள்.
இன்னொரு முறை.