மூன்றாவது சக்கரம்

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட மறுநாள்
மார்லிஸ் கெத்தோலா என் டிரக்கை இரவல் கேட்டாள்.
டிரக் வந்தால் நானும் வருவேன் என்றேன்.
அதன் கிளட்ச் என் காலுக்கு மட்டும்தான் பணியும்.

டுலூத்தில் நவம்பர்.
ஏரிக்காற்று கோட்டுப் பொத்தான்களை
ஒவ்வொன்றாய்ச் சரிபார்க்கும் மாதம்.

கடை என்றால் நாலு சுவர், ஒழுகிக் காய்ந்த கூரை.
முன்பு தூண்டில் விற்ற இடம்.
புழுப்பெட்டி வாடை இன்னும் மூலையில் குடியிருக்கிறது.
அடுத்தவர் உடுத்தியதை வாங்கிவைத்து விற்றுத் தருவாள்.
விற்றால் உடையவருக்கு அறுபது, இவளுக்கு நாற்பது.
விற்காவிட்டால் தொண்ணூறாம் நாள்
வந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும்.
துணிகள் அதற்குள் வந்துவிட்டன,
அவள் சாப்பாட்டு மேசைமேல் இடுப்புயரத்துக்கு.
தொங்கவிடத்தான் ஒன்றுமில்லை.
யானை வாங்கியாயிற்று.
அங்குசத்துக்கு மீதி நானூறு டாலர்.

புதிதாக ஒரு வட்டத் தாங்கி நூற்றெண்பதாம்.
விலைப்பட்டியலை மடித்து
ஆடுகிற மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்தாள்.

பிறகு அலைந்தோம்.
லூத்தரன் தேவாலயத்தின் நிலவறையில்
முந்நூறு கம்பி ஹேங்கர், மொத்தம் ஐந்து டாலர்,
சிக்கெடுப்பது நம் பொறுப்பு.
மூடிய மருத்துவமனையிலிருந்து
வாத்துப் படம் போட்ட திரை;
உடை மாற்றும் அறைக்கு அதுதான் கதவு.
பாலத்தைத் தாண்டி சுப்பீரியரில்
ஒரு பல் வைத்தியரின் நிலைக்கண்ணாடி.
அதன் முன் நின்றால் எவருக்கும் தானாக வாய் திறக்கிறது.
பள்ளி நூலகம் தூக்கிப்போட்ட அட்டைகள் இரண்டு பெட்டி,
அவை இலவசம்.
'பறவைகள் — வட அமெரிக்கா' என்பதன் முதுகில்
இனி எழுதலாம்: கம்பளிச் சட்டை, ஆறு டாலர்.

கடைசியாக அந்த இடம்.
லிண்ட்கிரென் பேரங்காடி, மூடுவிழா விற்பனை,
சாமான்கள் போய்விட்டன, சாமான்களைத் தாங்கியவை
சீட்டு ஒட்டிக்கொண்டு வரிசையில் நிற்கின்றன.
டெக்ஸாஸிலிருந்து வந்த ஏலக்காரன் டாரெல் போட்டீட்
ஒரு தாங்கியைத் தட்டி, முப்பத்தைந்து என்றான்.

மார்லிஸ் அதைத் தொடவில்லை.
"மூன்றாவது சக்கரம் இடப்பக்கம் இழுக்கும்," என்றாள்.
அவன் தள்ளிப் பார்த்தான். இழுத்தது.
"அதோ துருப்பிடித்தது, அது நன்றாக ஓடும்."
தள்ளிப் பார்த்தான். ஓடியது.
"எப்படித் தெரியும்?"
"பெண்கள் கோட்டுப் பிரிவு. பத்தொன்பது வருடம்."

அவன் அனுதாபம் எதுவும் சொல்லவில்லை.
முப்பத்தைந்தை அடித்துப் பன்னிரண்டு என்று எழுதினான்.
நான்கு எடுத்தாள், இழுப்பதையும் சேர்த்து.
இடக்கை இல்லாத பொம்மை ஒன்றை
வண்டியில் அவனே ஏற்றிவிட்டான், காசில்லாமல்.

லேக் அவென்யூ சிக்னலில்,
எங்களுக்கு நடுவில் பொம்மை உட்கார்ந்திருக்க,
மார்லிஸ் சொன்னாள்:
"கையை உடைத்தது நான்.
ஆள்குறைப்பு நடந்த வருடம்.
நீளக்கை உடுப்பாகவே மாட்டிக்கொண்டிருந்தேன்.
கடைசிவரை ஒருவரும் கேட்கவில்லை."
பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்.
கிளட்ச் ஒருமுறை அடம்பிடித்தது.

திறப்பன்று முதலில் வந்தவர் ரோஷெல் டிஃபோ.
ஒரு சுற்று சுற்றிவிட்டு
பொம்மை என்ன விலை என்று கேட்டார்.
வாடகைக்கு இன்னும் எழுபது குறைகிறது.
மார்லிஸ் பொம்மையைப் பார்த்தாள்,
"அது இங்கே வேலை செய்கிறது," என்றாள்.
ரோஷெல் ஒரு கையுறை ஜோடி வாங்கிப் போனார்.

நானும் என் கல்யாண சூட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
பெட்ரோலுக்கு முப்பத்தெட்டு டாலர் பாக்கி
என்று ஞாபகப்படுத்தியபடிதான்.
எல்லாரையும் போல எனக்கும் ஒரு படிவம்,
எல்லாரையும் போல தொண்ணூறு நாள்.
'படகுகள்' அட்டையின் முதுகில் இருபத்திரண்டு என்று எழுதி
இழுக்கிற தாங்கியில் மாட்டினாள்.

எண்பத்தெட்டாம் நாள் ஃபோன் வந்தது.
"சூட்டை வந்து எடுத்துக்கொள்.
ஹேங்கரை விட்டுவிட்டுப் போ."