பதினெட்டில் நான்கு

க்தான்ஸ்க் துறைமுகத்தில்
இருபது டன் பெட்டியைக் கிரேனில் தூக்கி
முட்டை வைப்பதுபோல் இறக்கிவிட்டு வந்தவள்
போகுமிலா.
இப்போது கை நடுங்குகிறது.

துண்டுக்குள் ஷ்ரூபா.
ஒரு பாதம் மட்டும் வெளியே.
விரல் மெத்தையை அமுக்கினால்
நகப்பிறை எட்டிப் பார்க்கிறது.
விளக்கடியில் பிடித்தால்
உள்ளே ரோஜா நிறத்தில் ஓர் உயிர்க்கோடு.
அதற்கு இப்பால், நுனி மட்டும்.

டிக்.

போன மாதம் அவசரப்பட்டாள்.
சோளமாவில் ஊறி நின்ற ஒரு சிவப்புப் புள்ளிக்காக
மூன்று நாள்
கட்டிலுக்கடியில் கிடந்தது பூனை.

டிக். டிக்.
நான்காவதில் ஓர் உறுமல்.
வெட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.
மீதி பதினாலும்
நாளைக்கோ, மறுநாளோ.

துண்டை உதறி இறங்கிய ஷ்ரூபா
நேராகப் போய்ச் சோபாவைக் கீறியது,
வெட்டாத காலால்.