ஈடு

வங்கிக்காரர் மூன்று தாளைப் புரட்டினார்.
ஈடு என்ன வைப்பீர்கள் என்றார்.
நார்த்டேலில் வாடகை வீடு,
செருப்பு ஆலையில் மேல்தோல் தைக்கும் வேலை,
அதுவும் வாரத்துக்கு மூன்று நாள்.
பழைய ஓவர்லாக் மெஷின் ஒன்று வாங்கத்தான் கேட்டேன்.
பேனாவை மூடிவிட்டார்.

வெளியே கார் நிறுத்தும் இடத்தில் வரிசையாக ரோஜா.
யாரும் முகராமல் பூத்து
யாரும் பறிக்காமல் உதிர்ந்துகொண்டிருந்தது.
குங்குமச் சிவப்பு இல்லை, ரோஸும் இல்லை.
உள்ளிதழ் பாதாம் நிறம்,
விளிம்பில் மட்டும் சூடு பட்ட மாதிரி ஒரு கன்றல்.
கைப்பையில் நகக் கத்திரி இருந்தது.
ஒரு சாண் குச்சி, மூன்று கணு.
இரண்டாவது குச்சி கோபத்தில் வெட்டியது.

காவலாளி பார்த்தார்.
பார்த்துவிட்டு, மழை வருமா என்பதுபோல
வானத்தை அண்ணாந்தார்.
மே மாதம்.
மழைக்கு இன்னும் நான்கு மாதம்.

உருளைக்கிழங்கில் குத்தி நடு, வேர் விடும்
என்றாள் ஆலையில் பூபதியம்மா.
விட்டது,
உருளைக்கிழங்கு.
நல்ல தழைவு, நடுவில் கருத்த குச்சி.
தோண்டினால் ஆறு கிழங்கு.
தயாளன் கறி வைத்தான்.
ரோஜாக் கறி, ரோஜாக் கறி என்று
இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டான்.

கோபத்தில் வெட்டியது பிழைத்தது.
பாதி மணல், பாதி மண்,
தலைமேல் அடி வெட்டிய கோக் பாட்டில்.
நாற்பது நாள் உள்ளே வியர்த்துக்கொண்டு நின்றது.
வேர் பிடித்ததா என்று இழுத்துப் பார்க்கத்
தினமும் கை துறுதுறுக்கும்.
இழுத்தால் போச்சு.

(மெஷின் பிறகு தவணையில் வாங்கினோம். அது வேறு கதை.)

இப்போது செடிக்கு ஆறு வயது.
ஜூலையில் முழங்கால் உயரத்துக்கு வெட்டுகிறேன்,
வெளிப்பக்கம் பார்க்கும் கண்ணுக்குக் கால் அங்குலம் மேலே,
சாய்வாக,
தோல் வெட்டும் அதே கையால்.
எலும்புத் தூள், தேயிலைச் சக்கை.
அசுவினிக்குச் சோப்புத் தண்ணீர்.
கரும்புள்ளி விழுந்த இலையைத் தரையில் விடக் கூடாது
என்பதை மட்டும் புத்தகத்தில் படித்தேன்.
மற்றதெல்லாம் செத்த செடிகளிடம் கற்றது.

பக்கத்தில் ஐஸ்பெர்க் உண்டு, டபுள் டிலைட் உண்டு,
காசு கொடுத்து, கழுத்தில் அட்டையோடு வந்தவை.
இதற்கு அட்டை இல்லை.
நர்சரிக்காரன் இதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
உதட்டைப் பிதுக்கினான்.

அக்டோபரில் முதல் மொட்டு.
அக்டோபரில் குரங்கும்.
மூன்றாம் வீட்டு முற்றத்தில் அனுமார் கொடி,
மூங்கிலில் சிவப்புத் துணி.
அங்கே கும்பிடு வாங்கிக்கொண்டு
மதில்மேல் நிதானமாக நடந்து வந்து
மொட்டை உரித்து, முட்டைக்கோஸ் மாதிரி,
என்னைப் பார்த்துக்கொண்டே தின்னும்.
ரப்பர் பாம்பு ஒன்று தொங்கவிட்டேன்.
பாம்பையும் எடுத்துக்கொண்டு போயிற்று.

போன குளிர்காலத்தில் வங்கிக் கிளையை மூடிவிட்டார்கள்.
ரோஜா நின்ற இடத்தில் சிமென்ட் கல்.
மகிழ்ச்சியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.
கொஞ்ச நேரம் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டாக்சி நிலையத்தில் அந்தக் காவலாளியைப் பார்த்தேன்.
சிபியா என்று பெயர், அன்றைக்குத்தான் தெரியும்.
இரண்டு விரலைக் கத்திரி போல ஆட்டி,
பிழைத்ததா என்றார்.

அடுத்த ஜூலையில் வெட்டியதில் ஒன்று
பாட்டிலுக்குள் நாற்பது நாள் இருந்து
அவர் கைக்குப் போனது.
இழுத்துப் பார்க்காதீர்கள் என்றேன்.
உருளைக்கிழங்கு வேண்டவே வேண்டாம் என்றேன்.
பூவின் பெயர் கேட்டார்.
தெரியாது என்றேன்.
அவர் வீடு இம்பாலியில்.
அவர்கள் மொழியில் அதற்குப் பூ என்றே பொருளாம்.

உங்கள் பக்கம் குரங்கு உண்டா?

பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார்.
குரங்கு இல்லை என்றார்.
ஆடு உண்டு.